ஓரத்தில் மட்டும் மின்னிய தாள்

ஆர்.கே.புரத்தில் மெட்ரோ ஏறிய இரண்டு ஆராய்ச்சி மாணவிகள் என் எதிரே நின்றார்கள்.

“அந்த ஜோடி சாகும்போதுதான் வெளிச்சம் வரணும்” என்றாள் கண்ணாடி போட்டவள். “எலக்ட்ரானும் அது விட்டுட்டு வந்த காலி இடமும் சேர்ந்த ஜோடி. செமிகண்டக்டர் தாள்ல அணு விட்டுப்போன ஓட்டை இருந்தா, அதுல விழுந்து இருட்டுலயே செத்துடும்.”

“ஆசிட்ல நனைச்சா ஓட்டை அடைஞ்சு முழுசா மின்னும்னு உன் பேப்பர்ல இருந்துச்சே.”

“ஒரு ஓரம்தான் மின்னுச்சு. கைடு சார் அதை மட்டும் படம் எடுக்கச் சொன்னார். இப்போ புதுசா சேர்ந்த பொண்ணு ஆறு மாசமா அதையே செஞ்சு பாக்கறா. வரலைன்னு அவளைத் திட்டறார்.”

“நீ சொல்லலாமே?”

“என் தீசிஸ்ல அவர் இன்னும் கையெழுத்துப் போடலை. அவ என்கிட்டதான் வந்து கேக்கறா, ‘அக்கா, நான் என்ன தப்பு பண்றேன்’னு.”

“என்ன சொன்னே?”

“தாளை இன்னொரு தடவை நல்லாக் கழுவிப் பாருன்னேன்.”