யார் எடைக்கு இந்த ஸ்பிரிங்?

"ஹலோ... ஆமா, நான்தான். ஷெட்டுலேர்ந்து பேசறேன்... சாப்பிடு, யாரு வேணாம்னா? வாய் அது பாட்டுக்குச் சாப்பிடட்டும், காதை மட்டும் இங்க கொடு. வண்டியை என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

அவள் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கிளினிக்கில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பிசியோதெரபிஸ்ட் வேலை. காலை முழுக்க அடுத்தவர்களின் முழங்காலையும் தோள்பட்டையையும் மடக்கி நீட்டிவிட்டு, நாளைக்குப் பந்தயமாயிற்றே, வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று வந்தவள். வந்து பார்த்தால் வண்டி முன்னைவிட உயரமாக, விறைத்துக்கொண்டு நிற்கிறது.

"ஒண்ணும் பண்ணலையா? ஒண்ணும் பண்ணாமத்தான் நீல ஸ்பிரிங் செவப்பா மாறிடுச்சா?... ஆமா... ஆமா, நீலம்தான். மெல்லிசு. நீயும் நானும் மண்டைய உடைச்சுக்கிட்டு முடிவு பண்ணினது. அது எங்க?... எங்கன்னு கேக்கறேன், மென்னு முழுங்காதே."

அந்தப் பக்கம் தட்டும் டம்ளரும் உரசும் சத்தம் கேட்டது. தம்பி மாமியார் வீட்டு விருந்தில் இருந்தான். இந்த ஷெட்டும் இதிலிருக்கும் கருவிகளும் அவனுடையவை. இந்தச் சின்ன இரண்டு சீட்டு வண்டி மட்டும் அக்கா தம்பி இருவருக்கும் பொது. கூண்டு அவன் வெல்டிங் வைத்தது. தகட்டை அவள் தேய்த்தாள். நாலு பேர் சேர்ந்தால் தூக்கி நகர்த்திவிடலாம், அவ்வளவு லேசு. அவன் நட்டு போல்ட்டு முடுக்குவான், அவள் ஓட்டுவாள். ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்.

"உன் கார் டிக்கியிலயா? அங்க என்ன, அதுக்கு ஊர் சுத்திக் காட்டறியா?... இரு. பேசாம இரு. இப்ப நான் வண்டி மூக்குல கை வெச்சு அழுத்தறேன்... ம்ஹூம். அசையவே மாட்டேங்குது. கருங்கல்லு மாதிரி நிக்குது."

எழுந்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இன்னொரு தடவை முழு உடம்பின் பாரத்தையும் கொடுத்து அழுத்தினாள். முன்பெல்லாம் கை பட்டால் வண்டி மெல்ல அமிழ்ந்து, எழுந்து, அப்படியே நின்றுவிடும். இப்போது அவள் மணிக்கட்டுதான் வலித்தது.

"கெட்டியா இருந்தா வேகமா போகும்னு எவன்டா சொன்னான்?... அவன் வண்டி எவ்வளவு கனம்? நம்ம வண்டி மாதிரி ரெண்டு மடங்கு. அவனுக்கு அந்த ஸ்பிரிங் வேணும். இது தக்கை. தக்கைக்குப் போய் லாரி ஸ்பிரிங் மாட்டினா டயர் ரோட்டுல ஒட்டுமா, குதிக்குமா?... தெரியுதில்ல? தெரிஞ்சே செஞ்சிருக்கே... சரி, ஷாக் அப்சார்பர் புதுசு, ஒத்துக்கறேன். ஆனா யாருக்கு வாங்கின ஷாக் அது? நீல ஸ்பிரிங்குக்கு. இந்தச் செவப்பு முரட்டுப் பய அமுங்கிட்டுத் திருப்பி உதைக்கறப்போ அதால இழுத்துப் பிடிக்க முடியுமா? அந்த இடது வளைவுல, நடுவுல ஒரு மேடு இருக்கே, அங்க வண்டி தவளை மாதிரி தாவிடும்டா!... கத்தாம? கத்தாம கொஞ்சுவாங்களா?"

பேசிக்கொண்டே கதவைத் தாண்டி வண்டிக்குள் இறங்கினாள். உட்கார்ந்தால் என்ன தெரிகிறது பார்க்கலாம் என்றுதான். சீட்டில் சரிந்து காலை நீட்டினாள். பிரேக் எட்டவில்லை. இன்னும் நீட்டினாள். கட்டைவிரல் நுனி மட்டும் பெடலைத் தொட்டது.

"...இரு, இரு. ஒரு நிமிஷம் வாயை மூடு."

சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி, போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள்.

வெளியே வந்து மறுபடியும் மண்டியிட்டாள். டிரைவர் பக்கத்து ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள். வண்டியில் உட்காருபவரின் எடைக்குத் தக்கபடி தம்பி அதை ஏற்றி இறக்குவான். அவள் எடைக்கு அது எங்கே நிற்கும் என்று அவளுக்குப் பழக்கம். இப்போது அது வெகுதூரம் மேலே ஏறி நின்றது.

"டேய்... இது என் எடைக்கு வெச்சது இல்லையே."

"..."

"யாருடா உக்காரப் போறா நாளைக்கு?"

"..."

"நான் கேக்கறது கேக்குதா? யாரு எடைக்கு இந்த ஸ்பிரிங்?... பூசி மெழுகாதே, பேரைச் சொல்லு!... யாரு? உன் மச்சானா? டயர்க்கடை வெச்சிருக்காரே, அவரா?... அவரு நல்ல கனமா இருப்பாரு, சரி. அவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?... ரோட்டுல ஓட்டறது வேற, இது வேற... ஓஹோ. அவரே கேட்டாரா? ஆசைப்பட்டாரா? ஆசைப்பட்டா தூக்கிக் கொடுத்துடுவியா? என் சீட்டுடா அது! என் இடுப்பு அளவுக்கு நானே நுரை வெட்டி ஒட்டின சீட்டு!"

அவள் குரல் தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. எதிர்ச் சுவரோரம் படுத்திருந்த நாய் எழுந்து, அவளைப் பார்த்துவிட்டு, இங்கே நமக்கு வேலையில்லை என்பது போல வெளியே போய்விட்டது.

"என்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தே? காலையில நான் ஹெல்மெட்டும் கையுமா வந்து நின்னப்புறமா?... என்ன?... சத்தமா சொல்லு. அங்க எழுந்து வெளிய போய் சொல்லு."

நடக்கும் சத்தம். ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு அவன் மெதுவாகப் பேசியிருக்க வேண்டும். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவன் பேசப் பேச அவள் முகத்திலிருந்த சிவப்பு வடிந்தது.

"...ம்."

"...ம்."

"கை நடுங்கிடுச்சுன்னு அவர்கிட்ட சொன்னியா? எனக்கு?"

போன பந்தயத்தில் அந்த வளைவில்தான் வண்டி சுழன்றது. மேட்டில் ஏறியது தெரியும். ஸ்டீயரிங் கையில் காற்றாக லேசானது தெரியும். அடுத்து வானமும் புல்லும் மாறி மாறி வந்து, பின்பக்கமாகப் போய் டயர் சுவரில் இடித்து நின்றது. காயம் ஒன்றுமில்லை. ஓடி வந்த தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லாமல் இருந்ததுதான் அவளை அரித்தது. அன்றிலிருந்து வேலைக்குப் போகிற வழியில்கூட வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. கிளினிக்கில் யாராவது ஒருவருடைய முதுகில் கை வைத்திருக்கும்போது, இந்தக் கை சரியாகத்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள். நான்தான் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேனோ? நான்தானோ?

"அப்ப நீயும் அப்படித்தான் நெனச்சே... இல்ல, தெளிவா சொல்லு. நீயும் அப்படித்தான் நெனச்சே."

"..."

"பயமா இருந்தா என்கிட்ட வந்து 'பயமா இருக்கு'ன்னு சொல்லணும். 'அக்கா, ஓட்டாதே'ன்னு என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். என்னை விட்டுட்டு ஸ்பிரிங்கை மாத்துவியா? திருட்டுத்தனமா?"

கோபத்தில் எதையாவது உதைக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியை உதைத்தாள். உள்ளே உலோகம் இடிபட்டது. எட்டிப் பார்த்தாள். போன பந்தயத்தில் வண்டியில் இருந்து, பிறகு கழற்றிப் போட்ட பழைய ஷாக்குகள்.

"ஆமா, பெட்டியைத்தான் உதைச்சேன். உன்னை உதைக்க நீ இங்க இல்லையே... பழசை எல்லாம் இதுலதான் போட்டியா?"

போனை ஸ்பீக்கரில் போட்டு, மூடியிருந்த பெயிண்ட் டப்பா மேல் வைத்தாள். ஒரு ஷாக்கை எடுத்து நிமிர்த்தி வைத்து, அதன் கம்பியை உள்ளங்கையால் அழுத்தினாள். எதிர்த்துக்கொண்டு, மெதுவாக, சீராக இறங்கியது. இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்து அழுத்தினாள்.

கம்பி பொசுக்கென்று அடி வரைக்கும் போய்விட்டது.

இழுத்தாள், வந்தது. அழுத்தினாள், போனது. நாள் முழுக்க மூட்டுகளை மடக்கிப் பார்க்கிற கை அது. எங்கே எதிர்ப்பு இருக்க வேண்டுமோ அங்கே ஒன்றுமே இல்லை. உள்ளே எங்கோ எண்ணெயும் காற்றும் கலந்து சளப்பென்றன. அடியில் பிசுபிசுவென்று அழுக்கு. அதன் மேல் தம்பியின் கையெழுத்தில் சாக்பீஸ் குறி: முன் இடது.

"டேய்... இதைக் கேளு. பேசாதே, கேளு."

டப்பாவின் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். சளப். இழுத்தாள். சளப்.

"கேட்டுதா? இன்னொரு தடவை... கேட்டுதா? முன் இடது. உள்ள ஒண்ணுமே இல்லடா. செத்துக் கிடக்கு. அன்னிக்கு மேட்டுல ஏறி இறங்கறப்போ அந்த டயர் ரோட்டைத் தொட்டே இருக்காது."

"..."

"கழட்டும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அழுத்திப் பாத்தியா?"

"..."

"பாக்கல. ஏன் பாக்கல? ஊர்ல எவன் பழைய ஷாக்கைக் கொண்டுவந்தாலும் அழுத்திப் பாப்பியே. இதை ஏன் பாக்கல? ஏன்னா தப்பு என் கையிலன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டே. அப்புறம் ஷாக்கை எதுக்குப் பாக்கணும்?"

அவள் குரல் உடைந்தது. உடைந்ததே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோட்டின் கையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். கன்னத்தில் கிரீஸ் ஈஷிக்கொண்டது.

"நானே நம்பிட்டேன்டா. தெரியுமா உனக்கு? என் கையை நானே சந்தேகப்பட்டுக்கிட்டு... மன்னிப்பெல்லாம் வேணாம். வெச்சுக்கோ. போனை உன் மச்சான்கிட்ட கொடு... கொடுன்னா கொடு."

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம்ங்க... ஆமாங்க, நல்லா இருக்கேன். சாப்பிட்டாச்சா?... நான் அப்புறம் சாப்பிடறேன்ங்க. ஒண்ணுமில்ல, நாளைக்கு நீங்க ஆசைப்பட்டுக் கேட்டதா தம்பி சொன்னான்... என்னது?... நீங்க கேக்கலையா?"

"..."

"அவன் கெஞ்சினானா? உங்ககிட்டயா?... சரிங்க... சரிங்க... உங்களுக்கும் இஷ்டமில்லையா? அதைச் சொல்லியிருக்கலாமே... ஆமாங்க, அந்த மேடு மோசந்தான்... தூக்கம் போச்சா? ரெண்டு நாளாவா? ஐயோ பாவம். நீங்க ஒண்ணும் ஓட்ட வேணாம்ங்க. நிம்மதியா இருங்க... என்ன சொல்றீங்க?... அவனா?... எப்ப?"

இந்த முறை வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த செத்த ஷாக்கைக் கீழே வைத்தாள்.

"போன பந்தயம் முடிஞ்ச ராத்திரி அழுதானா... எனக்குத் தெரியாதுங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை... இல்லைங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன் அவனை. அவன்கிட்ட கொடுங்க."

"..."

"ஏன்டா, அவரு ஆசைப்பட்டாருன்னு பொய் வேற! மனுஷன் பயந்து தூக்கமில்லாம கிடக்காரு. உன் அக்கா பொழைக்கணும்னு உன் பொண்டாட்டியோட அண்ணனைக் கொண்டுபோய் அந்த மேட்டுல தள்ளுவியா? அதுவும் இந்தச் செவப்பு ஸ்பிரிங்கை மாட்டி? மாமியார் வீட்டுல அப்புறம் யாரு உனக்குச் சோறு போடுவா?... சிரிக்காதே. நான் சிரிக்கலை."

உண்மையாகவே அவள் சிரிக்கவில்லை. ஜாக்கியைக் காலால் இழுத்து வண்டிக்கு அடியில் தள்ளினாள்.

"இப்ப கேளு. நீலத்தை எடுத்துக்கிட்டு வா. புது ஷாக் அதுக்குத்தான் சரி. சீட்டை முன்னாடி தள்ளு. வளையத்தை இறக்கு. என் எடைக்கு. நாளைக்கு நான்தான் ஓட்டறேன்... இரு, முடிக்கலை. முதல் ரவுண்டு நீ என் பக்கத்துல உக்காரு. பயிற்சி ஓட்டத்துல விடுவாங்க. அந்த மேட்டுல என் கையைப் பாரு, ரோட்டைப் பாக்காதே. நடுங்குச்சுன்னா இறங்கி வந்து நானே சாவியைக் கொடுத்துடறேன். நடுங்கலைன்னா, இனிமே வண்டியில ஏதாவதுன்னா முதல்ல வண்டியை சந்தேகப்படு, அப்புறம் என்னை... ம். ஆமா. பயமா இருந்தாலும் உக்காரணும். எனக்கு மட்டும் இல்லையா?"

"..."

"மச்சானையும் கூட்டிட்டு வா. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க நல்ல கனமான ஆளு வேணும்... என்ன?... இல்லடா, கோபம் போகலை. எங்க போகும்? ஒரு வாரம் இருக்கும், பத்து நாள் இருக்கும். அது அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ வா."

போனை அணைத்துக் கோட்டுப் பையில் போட்டாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அவன் வருவதற்குள் சக்கரத்தையாவது கழற்றி வைக்கலாம் என்று ஸ்பேனரை எடுத்து முதல் நட்டில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து, ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினாள். நட்டு க்ரீச்சென்று இளகிக் கொடுத்தது.