நாலு அடிக்கு ஒரு அடி

மேடையில் அமர்ந்திருக்கும் நம் ஓட்டுநர் சங்கத் தலைவர் அவர்களே, விழுப்புரத்திலிருந்து லோடு வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் தோழர்களே, அப்பாவை இழந்து முன்வரிசையில் இருக்கும் புனிதா, அவளுக்குப் பக்கத்தில் தலைகுனிந்திருக்கும் எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தா, என் சித்தப்பா பூமாலை அவர்களே, மாசிலாமணியின் வணக்கம். எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் புனிதாவின் அப்பா, நம் கப்பி சவுரிராயன் அண்ணனைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே பள்ளத்தில் இறங்கிய வண்டிகளை மேலே கொண்டுவந்தது யார்? கிரேன் வருமுன்னே வந்து நின்றது யார்? இரண்டு இரும்புக் கப்பி, ஒரு நைலான் கயிறு, ஒரு பழைய மொபெட். அண்ணனின் ஆஸ்தி அவ்வளவுதான். கயிற்றைக் கப்பிகளில் மாற்றி மாற்றிக் கோத்து நாலு மடிப்பாக்குவார். நாலு அடி இழுத்தால் வண்டி ஒரு அடி வரும். ஆனால் நாலு ஆள் பாரம் ஒரு ஆள் பாரமாகிவிடும். "ஜல்தி பண்ணா அறுந்துடும்பா. மெதுவா வாங்க, வண்டி எங்கயும் போய்டாது" என்பார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது. அதற்குள் நான் இருந்தேன்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள் காலை. எங்கள் ஊர் ஏரிக்கரை சரிந்து, ஜல்லி ஏற்றிய என் லாரி முன்பக்கமாகத் தண்ணீருக்குள் இறங்கியது. ஸ்டியரிங்குக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டது. கழுத்துவரை தண்ணீர். வண்டி விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டே இருந்தது. கிரேன் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். அண்ணன் பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

கப்பியைக் கட்டினால் தாங்கும் மரம் ஒரு புளியமரம்தான். அதுவும் தூரத்தில் இருந்தது. அண்ணனின் கயிறு எட்டவில்லை. ஊரில் இருந்த ஒரே நீளக் கயிறு தேர்வடம். கோயிலிலிருந்து அதை எடுத்துவரச் சொன்னவர் சித்தப்பாதான். மறக்கவில்லை. ஆனால் அண்ணன் கை நீட்டியபோது நீங்கள் சொன்னதையும் நான் மறக்கவில்லை, சித்தப்பா.

"வடம் சாமியுது. நீ தொடாத சவுரி. எப்பிடிக் கட்டணும்னு சொல்லு, நாங்க கட்டிக்கிறோம்."

அண்ணன் "சரிங்க" என்று தள்ளி நின்று கட்டும் விதத்தைச் சொன்னார். நம் ஆட்கள் கட்டினார்கள். தேர் இழுக்கிற பழக்கத்தில் ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார்கள். முடிச்சு நழுவியது. வண்டி ஒரு சாண் இறங்கியது. தண்ணீர் என் வாய்க்கு வந்தது. சித்தப்பா வடத்தின் நுனியை அண்ணனிடம் நீட்டினார்.

அண்ணன் முடிச்சுப் போட்ட பிறகு நடந்தது கனவைப் போலத்தான் நினைவிருக்கிறது. சத்தமே இல்லை. எதிரே அல்லி இலைகள். பக்கக் கண்ணாடியில் பெருமுக்கல் மலையும் அந்தப் புளியமரமும். மரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதானது. மரந்தான் என்னைப் பார்க்க நடந்து வருகிறது என்று நினைத்தேன். அண்ணனின் தெருவும் எங்கள் தெருவும் ஒரே கயிற்றைப் பிடித்துத் தூக்கத்தில் நடப்பவர்களைப் போல நடந்தார்கள். வண்டி நகர்வதே தெரியவில்லை. சட்டையின் முதல் பொத்தான் தண்ணீருக்கு மேலே வந்தது. வெகுநேரம் கழித்து இரண்டாவது வந்தது. அந்தப் பொத்தான்கள் இன்னும் என் கனவில் வருகின்றன.

அன்றுவரை நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அன்றிலிருந்து அண்ணன்.

அடுத்த தேருக்குச் சித்தப்பா அவரை வடம் பிடிக்க அழைத்தார். அண்ணன் என்ன சொன்னார் தெரியுமா? "நான் மாதா கோயிலுக்குப் போறவன். எனக்கு ஒண்ணும் இல்லீங்க. என் தெருவுல முக்காவாசிப் பேருக்கு உங்க தேருல வர்றதுதான் சாமி. அவங்க மொத்தப் பேரும் புடிக்கலாம்னா சொல்லியனுப்புங்க, நானும் வர்றேன்."

ஊரைக் கேட்டுச் சொல்வதாகச் சித்தப்பா சொன்னார். மூன்று தேர் ஓடிவிட்டது. போன செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு மாரடைப்பு. சொல்லியனுப்ப இனி ஆள் இல்லை. சித்தப்பாவை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா? கழுத்தளவு தண்ணீரில் கத்தத் தெரிந்த எனக்குக் காய்ந்த தரையில் வாய் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்று புனிதா கப்பி இரண்டையும் என்னிடம் கொடுத்தாள். இனி இந்தச் சாலையில் எந்த வண்டி இறங்கினாலும் நான் வருவேன். இது நான் அண்ணனுக்குக் கொடுக்கும் வாக்கு. "ஆனா முடிச்சு தெரியாதேம்மா" என்றேன். "எனக்குத் தெரியுங்க. அப்பாகூடப் போயிக்கினு இருந்தேன் இல்ல" என்றாள்.

வருகிற பங்குனியில் தேருக்கு வடம் கட்ட வேண்டும். புனிதா கட்டட்டும். அவள் தெரு பிடிக்கட்டும். நான் அவர்களுக்குப் பின்னால் நிற்கிறேன். அதுவரை என் கை அந்த வடத்தில் படாது. நாலு அடி இழுத்தால் ஒரு அடிதான் வரும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். இழுக்கத் தொடங்கினால்தானே அந்த ஒரு அடியும் வரும்?

இந்த முறை தண்ணீருக்குள் யாரும் இல்லை, சித்தப்பா. ஆனாலும் அந்த நுனியை இன்னொரு தடவை நீட்டுங்கள்.