ஒரு வரிக்கு மட்டும் செல்லுபடியாகும் தேதி

முப்பது ஆண்டுகளாகக் கணினியோடு குப்பை கொட்டியும் எனக்கு இரண்டு விரலில்தான் தட்டச்சு வரும். நீங்கள் நன்றாக வேகமாக எழுதுகிறீர்கள், ஐயா. இருந்தாலும் வாக்குமூலத்தை நான் மெதுவாகவே சொல்கிறேன். எங்காவது விட்டுப்போனால் கேளுங்கள்.

உங்கள் ஆட்கள் இரண்டு நாளாக எங்கள் கணினி அறையில் அந்த நிரலைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். பாவம். அதில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. நான் அதைத் தொட்டதே இல்லை. நோயாளிகளின் விவரங்களிலும் கை வைக்கவில்லை.

நிரலின் வேலை எளியது. மருத்துவமனைக்கு ஒரு சிறுநீரகம் தானமாக வந்தால், காத்திருப்பவர்களில் யார் யாருக்குப் பொருந்தும் என்று வரிசைப்படுத்தி, ஐந்து பெயர்களைத் தாளில் அச்சடித்துத் தரும். இயக்குவது நான். தாளைத் தலைமை மருத்துவரிடம் கொடுப்பதும் நான். அவர் முதல் பெயருக்கு ஆளனுப்புவார். ரத்தப் பரிசோதனை செய்து தொண்ணூறு நாள் தாண்டியவர்களை நிரல் கணக்கில் சேர்க்காது. அவர்கள் பெயர் தாளில் வராது. வராத பெயர் யார் கண்ணிலும் படாது.

என் அண்ணன் அந்தப் பட்டியலில் மூன்று ஆண்டு இருந்தார். இதை நான் மறைக்கவில்லை. அவர் சேர்ந்த வாரமே மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் சிரித்தார். "நீங்க பட்டனைத்தானே தட்டுறீங்க, முடிவு பண்றது புரோகிராம்தானே" என்று சொல்லிக் கடிதத்தைக் கோப்பில் வைக்கச் சொல்லிவிட்டார். கோப்பறை அம்மாவிடம் கேளுங்கள், எடுத்துத் தருவார். அவர் ஒரு காகிதத்தையும் தொலைத்ததில்லை.

அண்ணன் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். சிறு வயதில் அவர் போகும் இடமெல்லாம் நானும் போவேன். அவருடைய கூட்டாளிகள் எனக்குப் பசை என்று பெயர் வைத்திருந்தார்கள். 'டேய், உன் பசை வந்துட்டான்' என்று அவர்கள் கத்தினால் அண்ணன் சுவரேறிக் குதித்து ஓடிவிடுவார். பிறகு லாரி ஓட்டப் போனார், திருமணம் செய்தார், தூரத்தில் போய்க் குடியேறினார். அம்மா இறந்தபோது வந்தார். மூன்று மணி நேரம் இருந்தார். வண்டியில் சரக்கு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் கெட்ட பிறகுதான் என்னைத் தேடி வந்தார். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடிவைத்தேன். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். சீட்டு விளையாடுவோம். அவர் அழுகுணி ஆட்டம் ஆடுவார், நான் கண்டுகொள்ள மாட்டேன். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று செவிலியர்கள் சொல்வார்கள். போகும்போது அண்ணன், "நாளன்னைக்கு வருவேல்ல?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் கேட்பார். எனக்கு அது எவ்வளவு பிடித்திருந்தது என்பதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

ஒருநாள் சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னார்: "கிட்னி கிடைச்சதும் மககிட்டப் போயிடலாம்னு இருக்கேன்டா. கடல் தாண்டிதான் போகணும், என்ன பண்றது. நீயும் எத்தனை நாள்தான் எனக்காக அலைவே?" என் மேலுள்ள கரிசனத்தில் சொன்னதுதான். அந்த மாதமே அவருக்குப் பொருந்தும் சிறுநீரகம் ஒன்று வந்தது.

நிரலுக்குக் கண் கிடையாது, ஐயா. இயங்கத் தொடங்கியதும் எந்த அச்சுப்பொறி, எந்த மொழி, இன்று என்ன தேதி என்று தன் சூழலைக் கேட்கும். பகல் தூக்கம் கலைந்து எழுந்தவர் மணி என்ன என்று கேட்பதைப் போல. சொன்னதை நம்பும். இவற்றைச் சூழல் மாறிகள் என்போம். நிரலை எழுதியவர் பழைய விவரங்களை வைத்துச் சோதிப்பதற்காக, தேதியை வெளியிலிருந்து மாற்றிச் சொல்ல ஒரு வழி வைத்திருந்தார். பிறகு எடுக்க மறந்துவிட்டார். நிரலை இயக்கத் தட்டும் கட்டளை வரியில் அதன் பெயருக்கு முன்னால் அந்த மாறியையும் ஒரு தேதியையும் எழுதினால் போதும். அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும் இன்று என்பது அதுதான். ஓடி முடிந்ததும் உலகம் பழையபடி இருக்கும். எங்கள் கணினியில், வரிக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டுத் தட்டினால், தட்டிய கட்டளைகளைக் கணினி குறித்துவைக்கும் வரலாற்றிலும் பதியாது. உங்கள் ஆட்களுக்கு ஒன்றும் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

நான் கண்மூடித்தனமாக எதையும் செய்கிறவன் அல்ல. முதலில் உண்மையான தேதியில் இயக்கித் திரையில் பார்ப்பேன். அண்ணன் முதலில் வரவில்லையென்றால் அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிடுவேன். முதலில் வந்தால் மட்டும் தேதியைத் தேவையான அளவு முன்னே நகர்த்துவேன். அவருடைய பரிசோதனை தொண்ணூறு நாளைத் தாண்டிவிடும், பெயர் உதிர்ந்துவிடும். பரிசோதனைக்கு அவரை அழைத்துப் போவதும் நான்தான் என்பதால், கெடு முடியும் வரை தள்ளிப்போடுவேன். அப்போது ஐந்தாறு நாள் நகர்த்தினால் போதும். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

அண்ணிக்குத்தான் பொறுமை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, யாருக்கு எப்போது அழைப்பு வந்தது என்று எழுதத் தொடங்கினார். ஒருநாள் மின்தூக்கிக்குள் கேட்டார்: "தம்பி, இவருக்கு அப்புறம் சேர்ந்தவங்க ரெண்டு பேருக்கு வந்துடுச்சு. நம்ம பேரு மட்டும் எங்க போயிடுது?"

ரத்தம், திசு, வயது என்று ஏதேதோ விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பரிசோதனைக்கு அவரே அழைத்துப் போனார், அதுவும் மாதம் தவறாமல். சந்தேகம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நான்காவது முறை அண்ணனின் பரிசோதனை நடந்து இருபத்தெட்டு நாள்தான் ஆகியிருந்தது. தேதியை அறுபத்துமூன்று நாள் நகர்த்த வேண்டியதாயிற்று. பட்டியலில் இருந்த இருபத்தாறு பேரில் அண்ணனோடு சேர்ந்து பத்தொன்பது பேர் உதிர்ந்தார்கள். அவர்களில் நான்கு பேரைப் பற்றிப் பிறகு விசாரித்தேன். இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். அண்ணி தலையிடாமல் இருந்திருந்தால் மற்றவர்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்படி நான்கு முறை. இவற்றை ஒப்புக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாவதைப் பற்றித்தான் நீங்கள் தவறாக நினைக்கிறீர்கள்.

கடந்த மாதம் அண்ணனுக்கு ரத்தம் சுத்திகரிக்க ஊசி ஏற்ற நல்ல ரத்தக் குழாய் இல்லாமல் போயிற்று. இன்னும் பத்து நாள் தாங்கினால் பெரிது என்று தலைமை மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த நாள் காலை ஒரு சிறுநீரகம் வந்தது. வழக்கம்போல உண்மைத் தேதியில் பார்த்தேன். அண்ணன்தான் முதலில். அன்றைக்கு மணிக்கட்டு வலி. ஒவ்வொரு வரியிலும் தேதியைத் தட்டச் சோம்பல்பட்டு, வரிக்குச் சொல்லாமல், கட்டளைகளைத் தட்டும் கறுப்புச் சாளரத்துக்கே சொல்லிவைத்துவிட்டேன். அப்படிச் சொன்னால் சாளரத்தை மூடும் வரை அதில் எதை இயக்கினாலும் அந்தத் தேதிதான். அறுபத்தைந்து நாள் கழித்து வரும் தேதி.

அப்போது அண்ணி வந்தார். கணினி அறைக்குள் அவர் வந்ததே இல்லை. வாசலிலேயே நின்றார். "தம்பி, நான் உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. இந்த ஒரு தடவை நல்லா பாருங்க." உண்மையிலேயே சந்தேகம் தீர்ந்துதான் சொன்னாரா, சந்தேகம் முற்றி இப்படிப் பேசிப் பார்த்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "சரி அண்ணி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அண்ணன் கடல் தாண்டிப் போனாலும் உயிரோடு இருக்கட்டும் என்று அந்த நிமிடம் தோன்றியது.

அவர் போன பிறகு நிரலின் பெயரை மட்டும் தட்டினேன். முன்னால் மாறி இல்லை, தேதி இல்லை, இடைவெளிகூட இல்லை. வரலாற்றில் பாருங்கள், அந்த வரி பளிச்சென்று இருக்கும். முன்பு நான்கு முறையும் பட்டியலைச் சேமித்து, வேறொரு சாளரத்திலிருந்து அச்சடிப்பேன். ஏனென்றால் நிரல் தானே அச்சு நிரலைக் கூப்பிட்டால், தாய் நிரலுக்குச் சொன்ன தேதி அது கூப்பிட்ட பிள்ளை நிரலுக்கும் போய்விடும், தாளின் தலையிலும் அதுவே விழும். அன்று மறைக்க எதுவும் இல்லையே, அதனால் நேராகவே அச்சடிக்கச் சொன்னேன். சாளரத்துக்குச் சொல்லிவைத்ததை மறந்துவிட்டேன். எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் நடப்பது. அந்தத் தாளைத்தான் கோப்பறை அம்மா தேதிவாரியாக அடுக்கும்போது, இன்னும் வராத நாளின் தேதியைப் பார்த்துத் தனியே எடுத்து வைத்திருக்கிறார்.

சிறுநீரகம் ஒரு தையல்காரருக்குப் போயிற்று. நலமாக இருக்கிறாராம். அண்ணன் எட்டாம் நாள் போனார். கடைசி வரை நான் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "நாளன்னைக்கு வருவேல்ல?" என்றார்.

ஆகவே ஐந்தாவது கைத்தவறு என்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. நான் அவரைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்தேன். அச்சுப்பொறியிலிருந்து தலைமை மருத்துவர் அறைக்கு நாற்பதடி இருக்கும். ஒரு தாளைக் கையெழுத்துக்குக் கொடுக்கும் முன், தேதியிலிருந்து கடைசிப் பெயர் வரை ஒருமுறை வாசித்துக்கொண்டே நடப்பது என் வழக்கம். அன்றும் வாசித்துக்கொண்டேதான் போனேன்.