ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் பச்சை மை இட்டவருக்கு

ஐயம் அகற்றிய அறிவாளரே! பிழை பொறாத பெருந்தகையே! முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்கள் பதிப்பகத்தின் முதன்மைச் சரிபார்ப்பாளராய் முறை தவறாது பணியாற்றி, இன்று விடைபெறும் ஐயா அவர்களே! வணக்கம்.

மெய்யியல் அகராதி, மொழியியல் கையேடு, வரலாற்றுக் காலவரிசை, விளையாட்டுக் கலைக்களஞ்சியம் என்று, தூக்கினால் கை வலிக்கும் நூல்களையே வெளியிட்டுவரும் இல்லம் இது. அவற்றில் உங்கள் கண் படாத பக்கம் ஒன்றில்லை. சரிபார்த்தவர் தம் முதலெழுத்தைப் பென்சிலால் ஓரத்தில் இட, அதனருகே நீங்கள் பச்சை மையில் உங்கள் எழுத்தை இட்ட பிறகே தாள் அச்சுக்குப் போகும். "எங்க பார்த்தீங்க?" என்ற உங்கள் ஒற்றைக் கேள்விக்குப் பயந்து, சாப்பாட்டை மறந்து அலமாரி அலமாரியாய் அலைந்தவர்கள் இந்த அரங்கில் பாதிப் பேர். தத்துவ ஞானியின் பிறந்த ஆண்டும் பந்தாட்டக்காரரின் கோல் எண்ணிக்கையும் உங்களுக்கு ஒன்றுதான். மறைப்பானேன், முதுகுக்குப் பின்னால் உங்களைத் திட்டியும் இருக்கிறோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், விளையாட்டுக் களஞ்சியம் வெளிவந்த மறுவாரம், அந்நூலைத் துணிப்பையில் சுமந்துகொண்டு ஓர் அம்மையார் நம் அறைக்கு வந்தார். நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் பெற்ற அக்காள் தங்கை இருவரில் தங்கை அவர்.

"நான் செத்துட்டதா போட்டிருக்கீங்க. போய்ச் சேர்ந்த எங்க அக்காவை உயிரோட வெச்சிருக்கீங்க" என்று சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்து, "என்னை மாத்திடுங்க. அவளை மட்டும் அப்படியே விட்டுட முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாதும்மா. ரெண்டையும் திருத்தணும்" என்றீர்கள். அவரை வாசல்வரை சென்று வழியனுப்பித் திரும்பியபோது உங்கள் கண்கள் சிவந்திருந்தன.

கையிலிருந்த படிகளிலெல்லாம் திருத்தச் சீட்டை நீங்களே உட்கார்ந்து ஒட்டினீர்கள். "யார் பார்த்த பக்கம்?" என்று நிர்வாகம் கேட்டது. "நான்தான்" என்றீர்கள். அந்தத் தாளின் ஓரத்தில் பச்சை மை மட்டுமே இருந்தது. உங்களுக்கென்றே பேசி வைத்திருந்த தலைமைப் பதிப்பாசிரியர் பதவி அதோடு கைநழுவிப் போயிற்று. அதைப் பற்றி ஒரு நாளும் நீங்கள் வாய் திறக்கவில்லை.

இதுவரை 'நாங்கள்' என்று எழுதிய நான், இனிச் சில வரிகள் 'நான்' என்று எழுத அனைவரிடமும் அனுமதி பெற்றிருக்கிறேன். அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தவள் நான். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதம் அது. இறந்த ஆண்டு சரியா என்று பார்த்தேன். இறந்தவர் யார் என்று பார்க்கவில்லை. என் பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தவர் நீங்கள். தெரிந்தும் இத்தனை ஆண்டுகள் வாய்மூடி இருந்தேன். வெட்கப்படுகிறேன், ஐயா.

தொடக்கத்தில் 'பிழை பொறாத பெருந்தகையே' என்றோம். அதையும் திருத்திக்கொள்கிறோம்: பிழை பொறுத்த பெருந்தகையே! நோயற்ற உடலும் நிறைந்த மனமும் நெடிய ஆயுளும் உங்களுக்கு வாய்க்கட்டும்! இனிப் படிக்கும் நூல்களில் பிழை தென்பட்டால், கண்டும் காணாமல் அடுத்த பக்கம் புரட்டும் பாக்கியமும் வாய்க்கட்டும்!

இம்மடலோடு அந்தப் பழைய தாளையும் சட்டமிட்டுத் தருகிறோம். பச்சை மைக்கு அருகே, அழிந்த இடத்தில் என் முதலெழுத்து மறுபடியும் இருக்கிறது. இந்த முறை பேனாவால் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு இன்றும் அஞ்சும்,
பதிப்பகப் பணியாளர்கள்