பழைய சிடிகளுக்குள் ஒரு நலங்குப் பாட்டு

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரத்திலிருந்து கடலூர் திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். பெரியவர் மடியில் ஒரு பை நிறையப் பழைய பாட்டு சிடிகள்.

“கவர் கெடைச்சிடுச்சி மச்சான், அம்மாதான் கெடைக்கல.”

“என்னா மாமா சொல்ற?”

“தங்கச்சி கல்யாணத்துல அம்மா நலங்கு பாடுனத சிடியா போட்டு வச்சிருந்தேன். புள்ளைங்க கீறிடப்போவுதுன்னு சினிமா பாட்டு கவர்ல ஒளிச்சி வச்சேன். அப்புறம் பாட்டெல்லாம் செல்லுல ஏத்தியாச்சேன்னு மொத்தத்தையும் பழைய சிடி கடையில போட்டுட்டேன். அம்மா தவறுன பொறவுதான் ஞாபகம் வந்துது.”

“கடையில கேட்டியா?”

“கவர் அங்கதான் இருந்துது. உள்ள வேற சிடி. கைக்கு வந்தத கைக்கு வந்த கவர்ல போட்டு வச்சிருக்காரு.”

“அதுக்கு இம்மாம் சிடியா? அக்கா வெளக்கமாத்த எடுக்கப்போவுது.”

“எடுக்கட்டும். செல்லுல ஆயிரம் பாட்டு இருக்கு, அது ஒண்ணுதான் இல்ல.”

மஞ்சக்குப்பத்தில் இறங்கிவிட்டார்கள். பேர் கேட்க எனக்குக் கூச்சம். நலங்கு என்றாரா, ஊஞ்சல் என்றாரா என்பதுகூட இப்போது குழம்புகிறது. சிதம்பரத்தில் பழைய சிடி வாங்கியவர்கள் யாராவது, கவரை நம்பாமல், ஒரு தடவை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.