கடல் ஏறும் நேரம்

பிரெண்டா: நிறுத்துங்க ரால்ஃப், நிறுத்துங்க! அதோ பாம்பரோ கோட்டை! பாறை மேல எப்படி ஜம்முனு உக்காந்திருக்கு!

ரால்ஃப்: கார் ஓட்டறவன் திரும்பிப் பாத்தா, நாம ரெண்டு பேரும் அந்தப் பாறைக்கு அடியில உக்காரணும்.

பிரெண்டா: பொறந்ததுலேருந்து இங்கிலாந்தோட இந்த வடகோடி நார்தம்பர்லேண்ட்லதான் இருக்கேன். ஒரே நாள்ல இவ்வளவு பாத்ததில்ல. காலையில ஆனிக் ஊரு, அப்புறம் கிராஸ்டர்ல அந்தப் புகைபோட்ட மீன்... அடடா!

ரால்ஃப்: என் தட்டுல இருந்ததையும் சேத்துத்தானே தின்னீங்க?

பிரெண்டா: கண்ணு வெக்காதீங்க! நாளைக்கு வேன் வந்து சாமானை ஏத்திட்டா நான் கார்ன்வாலுக்குப் போயிடுவேன். நாட்டோட தென்கோடி. அங்க என் பொண்ணு வீட்டுல யாரு எனக்கு இந்த மீனைத் தரப்போறா?

ரால்ஃப்: ...ம்.

பிரெண்டா: என்ன ம்? பன்னெண்டு வருஷமா பக்கத்து வீடு. வேலிக்கு மேல தலையை நீட்டி ‘மழை வரும்போல’ன்னு சொன்னதைத் தவிர என்ன பேசியிருக்கீங்க?

ரால்ஃப்: மழை வந்துச்சே...

பிரெண்டா: நல்லா வந்துச்சு!

ரால்ஃப்: பிரெண்டா... ஒண்ணு கேக்கணும்.

பிரெண்டா: கேளுங்களேன்.

ரால்ஃப்: ...லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கும் போயிட்டு வந்துடலாமா?

பிரெண்டா: இதுக்கா இவ்வளவு மென்னு முழுங்கினீங்க? போலாம், போலாம்! ஆனா கடல் ஏறினா ரோடு முழுகிடுமே?

ரால்ஃப்: பாத்துட்டேன். அஞ்சு மணி வரைக்கும் பயமில்ல.

பிரெண்டா: அப்ப மிதிங்க! ...ஆகா, ரெண்டு பக்கமும் ஈர மணல்! அதோ, கம்பத்து மேல குடில்! தண்ணியில மாட்டினவங்க ஏறி உக்காருறதுதானே?

ரால்ஃப்: எவனாவது வெளியூர்க்காரன் காரை முழுகவிட்டுட்டு அதுல நடுங்கிட்டிருப்பான்.

பிரெண்டா: நம்ம ஊர்க்காரனுக்கு அந்த அசட்டுத்தனம் வராது.

ரால்ஃப்: ...வராது.

பிரெண்டா: இறங்குங்க, இறங்குங்க! மடத்தைப் பாக்கணும், பழைய படகைக் கவுத்துப் போட்டுக் கட்டின கொட்டகையைப் பாக்கணும்... உஷ்! கடல்நாய் ஊளையிடுது, கேக்குதா?

ரால்ஃப்: என்னை மாதிரியே ஏதோ சொல்ல வருது, வார்த்தை வரல.

பிரெண்டா: என்னது?

ரால்ஃப்: ஒண்ணுமில்ல. டீ குடிக்கலாம்.

பிரெண்டா: குடிச்சாச்சே! ...சரி, இன்னொண்ணு. ...ரால்ஃப், மூணாவதா? சரி, அதையும் குடிச்சாச்சு. மணி நாலரை. எழுந்திரிங்க.

ரால்ஃப்: மெதுவாப் போலாம்...

பிரெண்டா: மெதுவா, மெதுவான்னு... ஐயோ, பிரேக்கைப் போடுங்க! எங்க ரோடு? முன்னால கடல்தான் இருக்கு!

ரால்ஃப்: ...அடடா.

பிரெண்டா: அந்த ‘அடடா’வுல உயிரே இல்லையே.

ரால்ஃப்: நான் பொய் சொல்லிட்டேன், பிரெண்டா. ரோடு நாலு மணிக்கே மூடிடும்னு தெரியும். காலையிலேருந்து சொல்லப் பாக்கறேன், ஊர் ஊரா வார்த்தை நழுவிப் போச்சு. இனி ராத்திரிதான் தண்ணி வடியும். அதுவரைக்குமாவது நீங்க எங்கயும் போக முடியாது, என் வாயும் திறந்துடும்னு நெனச்சேன்... போகாதீங்க. என்னோடயே இருந்துடுங்க.

பிரெண்டா: முதல்ல அந்த எஞ்சினை நிறுத்துங்க.

ரால்ஃப்: திட்டவாவது செய்ங்களேன்!

பிரெண்டா: எங்கப்பா இந்தக் கரையில நண்டு பிடிச்சவரு. கடல் ஏறற நேரம் எனக்குத் தெரியாதா, மனுஷா? தெரிஞ்சுதான் மூணு டீ குடிச்சேன். வேனை முந்தாநாளே வேண்டாம்னுட்டேன். இப்பவும் ‘மழை வரும்போல’ன்னு மட்டும் சொல்லியிருந்தீங்க... கடல்லயே தள்ளியிருப்பேன்!