மணி அடித்தால் மேலே

அக்னஸ்: ஆ... மெல்ல! கை கழண்டு வரப்போகுது.

அல்பிரட்: பிடிச்சி ஏறுங்க... மத்தக் காலையும் வைங்க. ஆ, அவ்வளவுதான்.

அக்னஸ்: கடல் வந்திட்டுதே?

அல்பிரட்: வரல்ல. இப்பதான் ரேடியோவில சொன்னாங்க, ஆபத்து இல்லயாம். வந்திருந்தா... மாதா கோயில் மணி கேட்கல்லயா உங்களுக்கு?

அக்னஸ்: கேட்டுது. கேட்டபடியாத்தானே ஓடிவந்து பங்கருக்குள்ள இறங்கினனான்.

அல்பிரட்: மாதாவே! கடல் வருது என்டு மணி அடிச்சா, குழிக்குள்ளயா இறங்குறது?

அக்னஸ்: சிரியாதேங்கோ. முல்லைத்தீவில மணி அடிச்சா குண்டு போட கிபிர் விமானம் வருதெண்டு அர்த்தம். கால் தானா குழிக்குத்தான் போகும்.

அல்பிரட்: இந்த எத்தாளை ஊரில ஏது கிபிர்? குழி வெட்டக்குள்ளயே கேட்டேன்... குப்பை போட என்டீங்க.

அக்னஸ்: வேற என்னத்தச் சொல்ல? ஊர் சிரிக்காதே?

அல்பிரட்: சுனாமிக் கூட்டத்தில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே... மணி அடிச்சா பள்ளிக்கூட மேட்டுக்கு...

அக்னஸ்: மேட்டுக்குப் போங்கோ எண்டியள். குழிக்குள்ள இறங்காதேங்கோ எண்டு ஆரும் சொல்லேல்லயே!

அல்பிரட்: ...அது சரிதான். எங்க ஆக்களுக்கு அது தோணவே இல்ல. இனி மணியோட ஸ்பீக்கரிலயும் சொல்லுவோம். 'கடல் வருது, மேல ஏறுங்க' என்டு.

அக்னஸ்: உங்கட குரலிலயோ?

அல்பிரட்: ஏன், நல்லா இல்லயா?

அக்னஸ்: கரகரப்புத்தான்... பரவாயில்ல. அதுசரி, மணி அடிக்கிற ஆள் நீங்களெல்லே? இஞ்ச எப்பிடி?

அல்பிரட்: கயிற தோமஸிட்ட குடுத்திட்டு வந்தேன்.

அக்னஸ்: ஏன்?

அல்பிரட்: எல்லாரும் மேட்டுக்கு வந்தாச்சு என்டாங்க. நான் பார்த்தேன்... நீங்க இல்ல.

அக்னஸ்: அதுக்குக் கடல் வாற நேரம் கரைக்கு ஓடிவாறதே! விசரே உங்களுக்கு?

அல்பிரட்: விசர்தான்... தனியாள், அழ ஆர் இருக்காங்க எனக்கு?

அக்னஸ்: அப்பிடிச் சொல்லாதேங்கோ.

அல்பிரட்: ...சரி, அத விடுங்க. வாசல்ல நின்டு தொண்டை கிழியக் கூப்பிட்டேனே, ஏன் பேசல்ல?

அக்னஸ்: பங்கருக்குள்ள சத்தம் போடக்கூடாதெண்டு... பழக்கம்.

அல்பிரட்: பொய். இங்க பாத்துச் சொல்லுங்க.

அக்னஸ்: ...இஞ்ச எல்லாருக்கும் நான் அகதிப் பொம்பிளைதான். என்ர மனுசன் செத்தாப்பிறகு 'அக்னஸ்' எண்டு ஒருத்தரும் கூப்பிடேல்ல. நீங்கள் கூப்பிட்ட முதல் தரமே கேட்டுது, அல்பிரட்... இன்னொருக்காக் கூப்பிடுவியளோ எண்டுதான் பேசாம இருந்தனான்.